உப்புக்கண்டத்தின் ஆப்பிரிக்க உறவினர்: ஈரமான இங்கிலாந்தில் ஒரு தென்னாப்பிரிக்க அடுக்களையை அமைப்பது எப்படி?

வெளிநாட்டில் குடியேறிய தென்னாப்பிரிக்கர்கள் ஊர் நினைவு வரும்போது பெயர் சொல்லிக் கேட்கும் பொருள்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை காய்ந்த பொருள்கள் என்பது புலப்படும். பில்டாங் என்பது காய்ந்த இறைச்சி. ட்ரோவோர்ஸ் என்பது காய்ந்த சாசேஜ். ரஸ்க் இருமுறை அடுப்பில் வைத்த ரொட்டி. ரூய்போஸ் காய்ந்த இலை. ப்ராய் என்னும் திறந்தவெளிச் சமையலுக்கு வேண்டியதோ நன்றாகக் காய்ந்த விறகு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜொகனஸ்பர்க்கில் மழை கோடையில்தான் பெய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலம் வறண்டு கிடக்கும். அந்த வறண்ட காற்று அங்குள்ளவர்களின் பாதிச் சமையலைத் தானே செய்து முடித்துவிடுகிறது. இங்கிலாந்துக்கு வந்தபின் இறைச்சி கிடைக்கிறது, மசாலாவும் கிடைக்கிறது, காற்றுதான் கிடைப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இங்கே மாறி வந்த தமிழர்களுக்கும், தென்னாப்பிரிக்கரை மணந்தவர்களுக்கும், அவர்களோடு வீட்டைப் பகிர்ந்து வாழ்பவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தை மனத்தில் வைத்து எழுதினாலும், பெர்த், ஆக்லாந்து போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் செய்முறைகள் பொருந்தும்.

எதைக் கொண்டுவருவது, எதை வாங்குவது

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் தன் பையில் கொண்டுவரக் கூடாது. பில்டாங் எவ்வளவு காய்ந்திருந்தாலும், காற்றுப் புகாத உறையில் அடைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இறைச்சிதான். கோமாரி நோய் போன்ற கால்நடை நோய்கள் பரவிவிடக் கூடாது என்பதே இத்தடையின் காரணம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் இன்னும் கண்டிப்பானவை. அங்கே எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் தெரிவித்துவிடுவதே நல்லது. பாட்டி ஆசையாகக் கட்டிக் கொடுத்த பொட்டலம் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போவதைக் காட்டிலும், அவரிடமிருந்து மசாலாவின் அளவை எழுதி வாங்கி வருவது மேல்.

கடையில் எளிதாகக் கிடைப்பவற்றுக்காக மெனக்கெட வேண்டாம். சேடர்பர்க் மலைப்பகுதியில் விளையும் ரூய்போஸ் இங்கே பல்பொருள் அங்காடிகளில் ‘ரெட்புஷ்’ என்ற பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். பெயர் மாற்றம் தெரியாமல் மாதக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. அதில் காஃபின் இல்லை. எவ்வளவு நேரம் ஊறினாலும் தேயிலையைப் போலக் கசக்காது. ஆகவே 5 நிமிடத்துக்குக் குறையாமல் ஊறவிட்டுப் பிறகு பால் சேர்க்கலாம். மிஸஸ் பால்ஸ் சட்னி என்னும் பழச் சட்னி தென்மேற்கு லண்டனின் விம்பிள்டன், சவுத்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தைப் போலத் தென்னாப்பிரிக்கர்கள் மிகுந்த இடங்களிலும், இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. நம் தேங்காய்ச் சட்னியை எண்ணிக்கொண்டு அதைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அது பீச், ஆப்ரிகாட் பழங்களை வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புப் புளிப்புக் குழம்பு. இவையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியவை. பில்டாங்கோ கடையில் விலை மிகுந்தது, பெரும்பாலும் கேட்ட பதத்தில் கிடைக்காதது. ஆகவே அதை வீட்டிலேயே செய்ய வேண்டும்.

பில்டாங்: அடிப்படை

நம் ஊர் உப்புக்கண்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இறைச்சியை உப்பிட்டு, கயிற்றில் கோத்து உலர்த்தி, நாள்பட வைத்துக்கொள்ளும் அதே அறிவுதான் இங்கும் செயல்படுகிறது. வேறுபாடுகள் மூன்று. உப்புக்கண்டம் வெயிலில் காய்கிறது, பில்டாங் நிழலில், காற்றில் காய்கிறது. உப்புக்கண்டத்தில் மஞ்சளும் மிளகாயும் சேரும், பில்டாங்கில் வினிகரும் வறுத்த கொத்தமல்லி விதையும் சேரும். உப்புக்கண்டத்தைப் பொரித்தோ குழம்பிலிட்டோ உண்கிறோம். பில்டாங்கை அப்படியே சீவித் தின்கிறார்கள். பெயரின் முற்பாதி டச்சு மொழியில் பின்தொடையையும் பிற்பாதி நாக்கைப் போன்ற நீண்ட துண்டையும் குறிக்கும். அமெரிக்கர்களின் ஜெர்க்கியோடு இதைச் சேர்த்துப் பேசினால் தென்னாப்பிரிக்கர் முகம் சுளிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது: ஜெர்க்கி மெல்லிய துண்டுகளாகச் சூட்டில் உலர்த்தப்படுவது, பில்டாங் தடித்த துண்டுகளாகச் சூடு காட்டாமல் ஆறப்போட்டு உலர்த்தப்படுவது.

சூடு காட்டாத பச்சை இறைச்சி என்பதால் ஓர் எச்சரிக்கை தேவை. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வீட்டில் செய்த பில்டாங்கைத் தவிர்க்க வேண்டும். பன்றி இறைச்சியிலும் கோழியிலும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

படி 1: இறைச்சி

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கசாப்புக் கடைகளில் ‘சில்வர்சைடு’ என்று கேளுங்கள். அமெரிக்காவில் இதே பகுதிக்கு ‘பாட்டம் ரவுண்டு’ என்று பெயர். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மான் இறைச்சியைப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவிலேயே குடூ, ஸ்பிரிங்பாக் போன்ற மான்வகைகளில் செய்த பில்டாங் பெயர்பெற்றது. பிரிட்டனிலும் மான் இறைச்சி கிடைக்கிறது. முதல் முறைக்கு 2 கிலோ போதும். தசைநார் ஓடும் திசையிலேயே நீளவாக்கில், 2 முதல் 2.5 சென்டிமீட்டர் தடிப்பில் வெட்ட வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பை அரை சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவைப்பது சுவைக்கு நல்லது. ஒரு துண்டு தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்தால் அவை வெவ்வேறு நாளில் பதத்துக்கு வரும் என்பதால், வெட்டும்போது காட்டும் பொறுமை பிற்பாடு பயன்தரும்.

படி 2: உப்பும் மசாலாவும்

1 கிலோ இறைச்சிக்கு 22 கிராம் கல்லுப்பு, 60 மில்லிலிட்டர் வினிகர், 15 முதல் 20 கிராம் கொத்தமல்லி விதை, 4 கிராம் மிளகு, விரும்பினால் 10 கிராம் பழுப்புச் சர்க்கரை. உப்பைக் கையளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். உலர்ந்தபின் எடை பாதியாகிவிடும் என்பதால் வாயில் தெரியும் உப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். கண்ணளவில் போடுபவர்கள் தவறுவது இங்கேதான். கொத்தமல்லியை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். நம் சாம்பார்ப் பொடியைப் போல நைசாக அரைத்தால் அது இறைச்சியின் மேல் சேறுபோலப் படிந்து காற்றை மறைக்கும்.

துண்டுகளை முதலில் வினிகரில் புரட்டி, பிறகு உப்பு மசாலாக் கலவையை எல்லாப் பக்கமும் தேய்த்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். இடையில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும். வெளியே எடுத்ததும் வடியும் நீரைத் தாள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், கழுவக் கூடாது.

படி 3: பெட்டி

உலர்த்தும் பெட்டியை அமைப்பதில்தான் இங்கிலாந்தை வெல்ல வேண்டும். காற்றைச் சற்றே சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் விரைவாக விழும்: 18 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறைக் காற்று 25 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறக்குறைய 45 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆக, இறைச்சியைச் சுடுவது நம் நோக்கம் அன்று. அதைத் தழுவிச் செல்லும் காற்றுக்குத் தாகம் உண்டாக்குவதே நோக்கம்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, அடிப்பகுதியின் பக்கச் சுவர்களில் விரல் பருமனில் 10, 12 துளைகள் போடுங்கள். மேல்பகுதியில், காற்றை வெளியே தள்ளுமாறு 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். பழைய வைஃபை கருவியின் 12 வோல்ட் அடாப்டர் அதற்குப் போதும், மின்னோட்ட அளவை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு பல்பு வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. ஆகவே பேக்கிங் அடுப்புக்குள் பொருத்துவதற்கென்று இன்றும் விற்கப்படும் 25 அல்லது 40 வாட் இழைப் பல்பை வாங்குங்கள். பல்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்து, கொழுப்பு சொட்டாதபடி மேலே தகரக் கூரை அமைக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் செய்து காட்டுபவர்களைக் காணலாம். பல்போடு சேர்த்து அதைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளைகள்மீது கொசுவலைத் துணி ஒட்டினால் ஈ வராது.

நவம்பர் முதல் மார்ச் வரை வெப்பமூட்டி ஓடும் வீடுகளில் அறைக் காற்றே போதிய அளவு வறண்டிருக்கும். விசிறி மட்டும் போதும், பல்பு தேவைப்படாது. பார்ப்பதற்கு நேர்மாறாகத் தோன்றினாலும், மழை பிடித்த ஜூலை மாதத்தைவிட ஜனவரி மாத வரவேற்பறையே இந்த நாட்டில் பில்டாங்குக்கு ஏற்ற இடம். நான் முதல்முறை செய்தபோது இது தெரியாமல், கோடைதானே என்று நம்பிக் குளியலறையை ஒட்டிய அலமாரியில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் பச்சைப் பூசணம் பூத்தது. 2 கிலோவும் குப்பைக்குப் போயிற்று.

படி 4: தொங்கவிடுதலும் பதம் பார்த்தலும்

துண்டின் ஒரு முனையில் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியைக் குத்தி, ஒன்றோடொன்று உரசாமலும் சுவரைத் தொடாமலும் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். இரு துண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் பூசணம் தொடங்கும். பெட்டிக்குள் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் சரி. சூட்டைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும் என்று எண்ண வேண்டாம். மேற்புறம் ஓடுபோல இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கெட்டுப்போகும்.

தொங்கவிடும்முன் ஒவ்வொரு துண்டின் எடையையும் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். 400 கிராம் துண்டு 240 கிராமுக்கு வந்தால், நடுவில் சிவந்து மெத்தென்று இருக்கும் ஈரப் பதம். 200 கிராமுக்கு வந்தால் நடுப்பதம். 160 கிராமுக்கு வந்தால் உடைத்துத் தின்னும் உலர் பதம். வழக்கமாக 3 முதல் 6 நாள் பிடிக்கும். எந்தப் பதம் உயர்ந்தது என்பது தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்குள் தீராத வழக்கு. முதல்முறை செய்பவர்களுக்கு நடுப்பதமே பாதுகாப்பானது என்பது என் தீர்ப்பு. மேலே படியும் வெள்ளைத் துகள் சில நேரம் வெறும் உப்பாக இருக்கும், அது தூள்போல உதிரும். பஞ்சுபோல முளைத்திருந்தாலோ பச்சை, கறுப்பு நிறம் தெரிந்தாலோ தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

உண்ணும்போது நாருக்குக் குறுக்கே மெல்லியதாகச் சீவ வேண்டும். மீந்ததைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

ரஸ்க்

அதிகாலைக் காப்பியில் தோய்த்துத் தின்னும் இந்தத் தடித்த ரஸ்க், நம் தேநீர்க் கடை ரஸ்க்கைவிடக் கனமானது. கிழக்குக் கேப் மாகாணத்தின் மொல்டெனோ என்னும் சிற்றூரில் 1939-ஆம் ஆண்டு ஒரு பாட்டியின் வீட்டுப் பக்குவத்தில் தொடங்கியதுதான் இன்று கடையில் விற்கும் ஊமா ரஸ்க்; ‘ஊமா’ என்றாலே பாட்டிதான்.

1 கிலோ செல்ஃப் ரெய்சிங் மாவு, 1 தேக்கரண்டி உப்பு, 200 கிராம் சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து, 250 கிராம் வெண்ணெயை உருக்கி ஆற்றி ஊற்றி, 2 முட்டையும் 500 மில்லிலிட்டர் பட்டர்மில்க்கும் சேர்த்துப் பிசையுங்கள். நம் நீர்மோர் இதற்கு ஆகாது. கெட்டித் தயிரில் சிறிது பால் விட்டுக் கடைந்தால் சரியாக வரும். உருண்டைகளாகத் தட்டில் நெருக்கி அடுக்கி, 180 டிகிரியில் 45 நிமிடம் வேகவிட்டு, முழுவதும் ஆறியபின் பிட்டெடுங்கள். பிறகு அடுப்பை 80 டிகிரிக்குக் குறைத்து, கதவின் இடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி, ஈரம் வெளியேற வழி விட்டு, 6 முதல் 8 மணி நேரம் உலரவிடுங்கள். நடுவில் சிறிதும் மென்மை இருக்கக் கூடாது. ஒன்றை உடைத்துப் பார்க்காமல் டப்பாவில் அடைத்துவிடாதீர்கள்.

பப்

வெள்ளை மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் பப், கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. இத்தாலிய மஞ்சள் மாவான பொலெண்டாவை மாற்றாக வாங்க வேண்டாம், சுவை முற்றிலும் வேறு. ஜிம்பாப்வே, கென்யா நாட்டினர் பொருள் வாங்கும் கடைகளில் வெள்ளை மக்காச்சோள மாவு கிடைக்கும்.

கெட்டிப் பதத்துக்கு 3 கோப்பை உப்பு நீர் கொதிக்கும்போது 2 கோப்பை மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறு தீயில் 5 நிமிடம் விட்டு, பின்னர் கட்டியில்லாமல் கிளறி, மீண்டும் மூடி 25 நிமிடம் வேகவிட வேண்டும். 2 கோப்பை நீருக்கு இரண்டரைக் கோப்பை மாவு என்று மாற்றி, முள்கரண்டியால் உதிர்த்துவிட்டால் கிடைப்பது உதிரி வகை. ஜூலு மொழியில் அதற்கு ‘உபூத்து’ என்று பெயர். பார்ப்பதற்கு நம் புட்டைப் போல இருக்கும், காதுக்கும் அப்படியே கேட்கும், ஆனால் அந்த ஒலியை மட்டும் நம்பி உறவு கொண்டாட நான் துணியவில்லை. அதைப் புளித்த பாலோடு உண்பார்கள். இங்கே கெஃபிர் அந்த இடத்தை நிரப்பும். கெட்டிப் பப்புக்கு வெங்காயமும் தக்காளியும் வதக்கிய தொக்கு போதும்.

ப்ராய்

ஆண்டுதோறும் செப்டம்பர் 24-ஆம் தேதி வரும் பாரம்பரிய நாளை மக்கள் ப்ராய் நாள் என்றே பேச்சில் சொல்லும் அளவுக்கு இந்த வழக்கம் ஊறியது. வாயு அடுப்பில் செய்வதை ப்ராய் என்று அழைத்தால் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். ஓக், ஆஷ், பிர்ச் போன்ற கடின மரத்தில், சூளையில் உலர்த்தியது என்று குறிப்பிட்ட விறகை வாங்குங்கள். ஈர விறகின் புகை உணவில் ஏறிக் கசக்கும். விருந்தினர் வந்தபின் தீ மூட்டுவதே முறை, ஏனெனில் விறகு கனலாக எடுக்கும் ஒரு மணி நேரமும் அரட்டைக்கு உரியது. கம்பிவலையின் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி 8 முதல் 10 விநாடி தாங்க முடிந்தால் பூரவோர்ஸ் வைக்கும் சூடு வந்துவிட்டது என்று பொருள்.

பூரவோர்ஸ் என்பது சுருளாகச் சுற்றிய நாட்டுப்புறச் சாசேஜ். தென்னாப்பிரிக்க விதிப்படி அதில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 42 விழுக்காடு பன்றி இறைச்சி இருந்தாலே பன்றிச் சாசேஜ் என்று விற்கலாம் என்பதை ஒப்பிட்டால், அவர்கள் ஏன் இங்குள்ள சாசேஜைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள் என்பது விளங்கும். அதைக் குத்தித் துளையிடாதீர்கள், சாறு வடிந்துவிடும். இடுக்கியால் முழுச் சுருளையும் ஒரே ஒருமுறை திருப்பினால் போதும். சைவர்களுக்கு ப்ராய்ப்ரூய்கி உண்டு: சீஸ், தக்காளி, வெங்காயம், மேற்சொன்ன பழச் சட்னி ஆகியவற்றை ரொட்டிக்குள் வைத்து, வெளிப்புறம் வெண்ணெய் தடவி, தணிந்த கனலில் வாட்டுவது. உண்மையில் பல விருந்துகளில் முதலில் தீர்ந்துபோவது இதுதான்.

வாடகை அடுக்ககத்தின் மாடத்தில் தீ மூட்டுவதற்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் தடை இருக்கும். மழை வந்தது என்று கனல் தட்டை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஒருபோதும் கொண்டுவராதீர்கள். கனலிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

பெரிய மூன்று முள் பிளக்

தென்னாப்பிரிக்காவிலிருந்து மின் பில்டாங் பெட்டியோ ரொட்டி வாட்டியோ கொண்டுவருபவர்களுக்கு ஒரு சொல். இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால், பிளக்கை மாற்றிச் சரியான ஃபியூஸ் போட்டால் பிரிட்டனில் கருவி ஓடும். அங்குள்ள பெரிய உருண்டை முள் பிளக் வேறெதுவும் அன்று, நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் மாட்டும் அதே வகைதான். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கருவியைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம், அங்கே 120 வோல்ட்.

டர்பன்காரர் வீட்டில்: பன்னி சவ்

உங்கள் வீட்டுத் தென்னாப்பிரிக்கர் டர்பனைச் சேர்ந்தவரானால் மேற்சொன்ன வறண்ட காற்றுக் கதை அவருக்குப் பொருந்தாது. அது ஈரக்காற்று வீசும் கடற்கரை நகரம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்கே கரைசேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஆகவே அவர் ஏங்குவது கறிவேப்பிலையும் காரமும் தூக்கலான குழம்புக்காக இருக்கலாம். அந்தக் குழம்பை, குடைந்த ரொட்டிக்குள் ஊற்றித் தருவதே பன்னி சவ். அப்பெயரின் முற்பாதி அங்கிருந்த வணிகர்களைக் குறித்த ‘பனியா’ என்ற சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் சொல்வர்.

செய்முறை எளிது. வெட்டாத 800 கிராம் வெள்ளை ரொட்டியை இரண்டாகவோ நான்காகவோ வெட்டி, அடியும் சுவரும் உடையாமல் நடுச்சதையை ஒரே துண்டாகத் தோண்டி எடுங்கள். இரவு ஊறவைத்து வேகவைத்த பீன்ஸையோ ஆட்டிறைச்சியையோ, உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்து, ரொட்டி ஊறிப் பிரிந்துவிடாத கெட்டிப் பதத்தில் குழம்பாக்குங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டுச் சூடுபண்ணினால் உருளைக்கிழங்கு கரைந்து தானே கெட்டிப்படும். சுடச்சுட ரொட்டிக்குள் ஊற்றி, தோண்டிய சதையை மேலே மூடியாக வைத்து, பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் சேர்ந்த சாலட்டோடு பரிமாறுங்கள். கரண்டி வைக்காதீர்கள். மூடியைப் பிய்த்துக் குழம்பில் தோய்ப்பதில் தொடங்கி, பிறகு சுவரை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே இறங்க வேண்டும். கீழ்ச்சுவரை முதலில் பிய்த்தால் குழம்பு முழுவதும் தட்டில் இறங்கிவிடும்.